நிரல் மொழியில் மாறிலிகளைப் பெரிய எழுத்தால் அடையாளம் காட்ட வேண்டுமா, தனிக் கீவேர்டு போதுமா?

சொந்தமாக ஒரு சிறிய நிரல் மொழியை வடிவமைப்பதாகவும், தமிழிலும் பெயர் வைக்க இடம் தர விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், மாறிலிக்கு (மதிப்பு மாறாத பெயருக்கு) கீவேர்டுதான், அதாவது மொழியே தனக்கென ஒதுக்கிவைத்த சொல்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பெரிய எழுத்து வழக்கம் பெரும்பாலும் சி மொழியின் மேக்ரோக்கள் வழியாகப் பரவியது. மேக்ரோ என்பது கம்பைலர் (நிரலைக் கணினிக்கு ஏற்ப மொழிபெயர்க்கும் மென்பொருள்) நிரலை அலசத் தொடங்கும் முன்பே நடந்துவிடும் எழுத்து மாற்றம். அதற்குத் தரவு வகை கிடையாது, செல்லுபடியாகும் எல்லையும் கிடையாது. நிரலில் சேர்த்துக்கொள்ளும் எங்கோ ஒரு ஹெடர் கோப்பில் இருக்கும் மேக்ரோ, உங்கள் மாறியின் பெயரையே விழுங்கிவிடும். ஆகவே அங்கே பெரிய எழுத்து ஓர் எச்சரிக்கை. மேக்ரோவே இல்லாத ஜாவாவும் பைத்தானும் அதை வெறும் மரபாக வைத்துக்கொண்டன. பைத்தானில் பெரிய எழுத்தில் எழுதிய பெயருக்கு அடுத்த வரியிலேயே வேறு மதிப்பு கொடுக்கலாம்; மொழி தடுக்காது. பைத்தான் 2இல் ‘ட்ரூ’ (உண்மை) என்பதற்கே வேறு மதிப்பு தர முடிந்தது. 2008இல் வந்த பைத்தான் 3 அதைக் கீவேர்டாக்கிய பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

மரபாக இருக்கும்வரை பரவாயில்லை. இலக்கணமாக்கும்போதுதான் நமக்குக் கதவு சாத்தப்படுகிறது. ரூபியில் மாறிலியின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியே ஆக வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. எனவே ‘வரிவிகிதம்’ என்ற பெயரில் அங்கே மாறி வைக்கலாம், மாறிலி வைக்க முடியாது. கோ மொழியில் நிலைமை இன்னும் மோசம்: கொம்பும் காலும் மெய்யெழுத்தின் புள்ளியும் பெயரில் வரவே கூடாது. அவை இல்லாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்தாலும், பெரிய எழுத்தில் தொடங்காததால் அது பேக்கேஜுக்கு (நிரல் தொகுப்புக்கு) வெளியே தெரியாது. அரபிக்கும் ஜப்பானிய மொழிக்கும் இந்த இரண்டாவது தடை உண்டு. புதிதாக மொழி செய்பவர் இதைத் திரும்பச் செய்யக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கீவேர்டு வைத்தால், அது எதற்கு உத்தரவாதம் என்பதையும் தீர்மானியுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் ‘கான்ஸ்ட்’ பெயரை மட்டுமே பூட்டுகிறது. அது சுட்டும் பட்டியலில் யாரும் புதிய உறுப்பைச் சேர்க்கலாம். சி மொழியின் ‘கான்ஸ்ட்’ அந்தப் பெயர் வழியாக எழுதக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிந்திருக்கும் என்பதற்கு அம்மொழியின் பிந்தைய தரமான சி23இல் ‘கான்ஸ்ட்எக்ஸ்பர்’ வர வேண்டியிருந்தது. ரஸ்ட் செய்ததே எனக்குப் பிடித்தது: சாதாரணப் பெயர் மாறாது, மாற வேண்டுமென்றால் ‘மியூட்’ என்று எழுத வேண்டும், கம்பைல் நேர மதிப்புக்கு ‘கான்ஸ்ட்’ தனி.

வடிவப் பொருத்தம் (ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு ஒப்பிட்டு, பொருந்துவதற்கு ஏற்ப நடக்கும் வசதி) சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பொருத்தத்தில் ‘சிவப்பு’ என்று எழுதினால், அது ஏற்கெனவே உள்ள மாறிலியா, புதிய மாறியா? ரஸ்டில் அந்தப் பெயரில் மாறிலி இருந்தால் ஒப்பிடும். எழுத்துப்பிழை நேர்ந்தால் அதுவே புதிய மாறியாகி எல்லா மதிப்பையும் ஏற்றுக்கொள்ளும். கம்பைலர் எச்சரிக்கும் என்றாலும் நிரல் ஓடிவிடும். பைத்தான் 3.10இல் தனிப் பெயர் எப்போதும் புதிய மாறிதான். மாறிலி என்றால் ‘நிறம்.சிவப்பு’ என்று புள்ளியோடு எழுத வேண்டும். இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தின் துணை இல்லாமலேயே, எந்த எழுத்துமுறையிலும் இது வேலை செய்யும்.