டாக்ரோலிமஸ் அளவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எப்படிப் பார்க்கிறார்கள்? ரிப்போர்ட்டில் வரும் எண்ணை நம்பலாமா?

சிறுநீரக மாற்று செய்துகொண்ட அப்பாவின் ரிப்போர்ட்டில் டாக்ரோலிமஸ் (மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்து) 7.2 என்று இருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடமாக நான் தினமும் ஓட்டும் டெஸ்ட் இதுதான். நம்பலாம், ஏன் என்று சொல்கிறேன்.

7.2 என்பது ஒரு மில்லி ரத்தத்துக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. நாங்கள் எடுப்பதோ ஒரு சொட்டு, 50 மைக்ரோலிட்டர். அதில் இருக்கும் மருந்து அரை நானோகிராம்கூடத் தேறாது. அதுவும் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் சீரம் உதவாது, ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தம் வேண்டும். ஜிங்க் சல்ஃபேட் விட்டால் அணுக்கள் உடையும். மெத்தனால் சேர்த்துக் குலுக்கினால் புரதம் திரிந்து சாக்லேட் நிறத்தில் சேறாகிவிடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகு மேலே தெளிந்து நிற்கிறதே, சரக்கு அதில்தான்.

அந்தத் தெளிவை ஒரு குட்டி எஃகுக் குழாய் வழியாக அனுப்பிப் பிரித்து, உயர் மின்னழுத்தத்தில் தூவுகிறோம். டாக்ரோலிமஸ் ஓர் அம்மோனியம் அயனியைச் சேர்த்துக்கொண்டு 821 எடையில் வரும். மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதில் 821-ஐ மட்டும் பிடித்து வாயுவில் மோதவிட்டால் உடைந்து 768 ஆகும். இரண்டும் பொருந்தினால்தான் கணக்கில் சேரும். மருந்தில் ஒட்டும் புரதத்தை வைத்து அளக்கும் ஆன்டிபாடி முறையில் மருந்தின் சிதைபொருட்களும் கொஞ்சம் மருந்தாக எண்ணப்படுவதால் அங்கே அளவு பொதுவாகக் கூடுதலாக வரும். முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், ரத்தத்தின் கொழுப்பு மிச்சங்கள் சிக்னலை அமுக்கிவிடும், ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில். அதனால் முதல் வேலையாக டாக்ரோலிமஸின் இரட்டைப் பிறவி ஒன்றை அளந்து விடுகிறோம். கார்பன்-13, டியூட்டீரியம் (கார்பன், ஹைட்ரஜனின் கனமான வடிவங்கள்) வைத்துச் செய்தது, எடை மட்டும் 3 கூடுதல். வழியில் மருந்துக்கு என்ன இழப்போ அதற்கும் அதே இழப்பு. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணாக்குகிறோம்.

ஒருமுறை கவனம் சிதறி ஒரே குழாயில் இந்த இரட்டையை இரண்டு தடவை விட்டுவிட்டேன். 9.2 வரவேண்டியவருக்கு 4.6 வந்தது. அப்படியே போயிருந்தால் டாக்டர் டோஸைக் கூட்டியிருப்பார். அந்த ஒரு வரிசையில் மட்டும் இரட்டையின் உச்சி பக்கத்து வரிசைகளைவிட இரண்டு மடங்கு உயர்ந்து நின்றதால் பிடித்தேன். இப்போதெல்லாம் ரிசல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கண் இரட்டையின் உச்சி அளவுகள் இருக்கும் பத்திக்குத்தான் போகிறது.

அப்புறம், அப்பா ரத்தம் கொடுத்தது காலை மாத்திரைக்கு முன்பா, பின்பா? டாக்டர் பார்ப்பது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் இருக்கும் அளவை; பின்பு என்றால் 7.2 சரியான எண்ணாக இருந்தும் பிரயோஜனமில்லை. அடுத்த முறை மாத்திரையைக் கையிலேயே எடுத்துப் போகச் சொல்லுங்கள், ரத்தம் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.