பிளக்இன் ஓட்டை: கேளுங்க, சொல்லுதேன்

பத்தமடையிலிருந்து: அண்ணாச்சி, எங்க வேர்ட்பிரஸ் சைட்டுல கூடுதல் வசதிக்குச் சேர்த்த பிளக்இன்ல எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டைன்னு ஹோஸ்டிங்காரங்க மெயில் போட்டிருக்காங்க. பாய் விக்கிற சைட்டுல என்னத்தத் திருடப் போறான்?

வாங்கினவங்க பேரு, போன் நம்பர், விலாசம், உங்க அட்மின் பாஸ்வேர்ட் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டை உருமாத்தி வச்சிருக்க வடிவம். கடை சின்னதா பெருசான்னு எவனும் பார்க்கதில்ல. அந்தப் பிளக்இன் இருக்கான்னு மட்டும் போட், அதாவது தானா ஓடுற நிரல், தேடிட்டு வரும். தேடல் பெட்டியில 'கோரைப்பாய்'னு அடிச்சா, அது டேட்டாபேஸுக்குப் போற எஸ்க்யூஎல் கட்டளையில அப்படியே ஒட்டுது. ஒருத்தன் ஒற்றை மேற்கோளைப் போட்டு மீதிக் கட்டளையையும் தானே எழுதினா? டேட்டாபேஸ் அதையும் ஓட்டிரும். அந்த ஓட்டைதான் இது.

பாளையங்கோட்டை மாணவர்: நான் எழுதின பிளக்இன்ல மேற்கோள் மாதிரி எழுத்துக்கு முன்னால பின்சாய்வு போட்டு எல்லாத்தையும் எஸ்கேப் பண்ணிருக்கேன். போதாதா?

மேற்கோளுக்குள்ள இருந்தாத்தான் அது காப்பாத்தும், தம்பி. ஐடி எண் மேற்கோள் இல்லாம நின்னா, எப்பவும் உண்மையாகுற '0 ஆர் 1=1'ல எஸ்கேப் பண்ண ஒரு எழுத்தும் கிடையாது. வேர்ட்பிரஸோட பிரிப்பேர் ஃபங்ஷனைப் போடு, மதிப்பு வர்ற இடத்துல எண்ணுக்கு %டி, எழுத்துக்கு %எஸ். பிரிப்பேர்னு எழுதிட்டு அதுக்குள்ளேயே வேரியபிளை ஒட்டுற ஆளும் உண்டு, அதுக்கு எழுதாமலே இருக்கலாம். வரிசைப்படுத்துற ஆர்டர் பை-க்கு வர்ற டேபிள் நெடுவரிசை (column) பேருக்கு %எஸ் ஆகாது. அதுக்கு வேர்ட்பிரஸ் 6.2-லிருந்து %ஐ இருக்கு. ஆனாலும் எந்தெந்த நெடுவரிசைன்னு நீயே பட்டியல் வச்சு, அதுல இல்லாததைத் தள்ளிரு.

தென்காசியிலிருந்து: டேட்டாபேஸ்ல டேபிள் பேருக்கு முன்னால வர்ற பிரிஃபிக்ஸை மாத்திட்டேன். இனி டேபிள் பேரு திருடனுக்குத் தெரியாதுல்லா?

டேபிள் பேரெல்லாம் பதிஞ்சிருக்க இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைக் கேட்டா புதுப் பேரையும் சொல்லிரும்.

சங்கரன்கோவில் அக்கா: நேத்தே அப்டேட் பண்ணிட்டேன். அவ்வளவுதானே?

இல்லக்கா. அப்டேட் இனிமே வர்றவனைத்தான் தடுக்கும். 2024-ல வேர்ட்பிரஸ் ஆட்டோமேட்டிக் பிளக்இன்ல இதே மாதிரி ஓட்டை, 3.92.1 பதிப்புல அடைச்சாங்க. அந்த ஓட்டை வழியா நுழைஞ்சவங்க புது அட்மின் கணக்கு திறந்து, பின்வாசல் ஃபைல் வச்சு, ஓட்டை இருந்த ஃபைலோட பேரையும் மாத்திட்டாங்க, வேற திருடன் வந்துரக் கூடாதுன்னு! அதனால அட்மின் பட்டியல்ல தெரியாத பேர் இருக்கான்னு பாருங்க. படம் வைக்கிற அப்லோட்ஸ் ஃபோல்டர்ல பிஹெச்பி நிரல் ஃபைல் கிடந்தா சந்தேகப்படுங்க. சைட்டுக்கு வந்த கோரிக்கையைப் பதியுற ஆக்சஸ் லாக்ல யூனியன் செலக்ட், ஸ்லீப்னு திருடன் ஒட்டுற எஸ்க்யூஎல் சொல்லைத் தேடுங்க. யூஆர்எல்ல இல்லாம போஸ்ட் முறையில அனுப்பினது அதுல தெரியாது, லாக் சுத்தமா இருக்குன்னு நம்பிராதீங்க. எல்லா பாஸ்வேர்டும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் மாத்தணும். கான்ஃபிக் ஃபைல்ல, லாகினைச் சரிபார்க்க உதவுற சால்ட் கீயை மாத்தினா, உள்ள லாகின்ல இருக்கவன் வெளிய விழுவான்.

வண்ணார்பேட்டையிலிருந்து: எழுதினவங்களே கைவிட்ட பிளக்இன். டீஆக்டிவேட் பண்ணினா போதுமா?

டெலிட் பண்ணுங்க. டீஆக்டிவேட் பண்ணினாலும் ஃபைல் சர்வர்லதான் இருக்கும். சிலதை நேரா யூஆர்எல் போட்டே ஓட்டிரலாம்.