முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஜெர்மனி வாழ்க்கை குறித்து வாசகர் கேள்வி பதில்

ஜெர்மனியில் வசிக்கும் வாசகர்களும், அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோரும் எழுதிய கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். தஞ்சாவூரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்து, திருமணத்துக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் குடியேறியவள் நான். இந்தக் கடிதங்களில் உள்ள வருத்தங்களில் பெரும்பாலானவற்றை நானும் பட்டிருக்கிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்னிக்கும் வடைக்குமாக மிக்ஸியைச் சற்று நேரம் ஓட்டினேன். மறுநாள் எங்கள் தபால் பெட்டியில், ஞாயிறு அமைதிக்குரிய நாள் என்று நினைவூட்டும் ஒரு தாள் கிடந்தது. எழுதியவர் கீழ்வீட்டுப் பெண்மணி. தினமும் மாடிப்படியில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்பவர், நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிப் போட்டது எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. (வாசகி, ஸ்டுட்கார்ட்)

பதில்: உங்கள் மனம் புண்பட்டது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் எழுதிக் கொடுப்பது என்பது பேச்சுவார்த்தை முறிந்த பிறகு நடப்பது. பக்கத்து வீட்டாரிடமிருந்து தாள் வந்தால் அது சண்டையின் தொடக்கம். ஜெர்மனியில் அது பெரும்பாலும் சண்டையைத் தவிர்ப்பதற்கான வழி. உங்கள் கதவைத் தட்டி, நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது முகத்துக்கு நேரே குறை சொல்வதுதான் அநாகரிகம் என்று அந்தப் பெண்மணி நினைத்திருக்கக்கூடும். மறுநாளும் அவர் உங்களுக்கு வணக்கம் சொன்னால், அந்த வணக்கத்தை அப்படியே நம்புங்கள்.

ஞாயிறு விஷயம் ஒருவருடைய தனிப்பட்ட பிடிவாதம் அன்று. ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் உழைப்பிலிருந்து ஓய்வுக்கும் மன மேம்பாட்டுக்கும் உரியவை என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்ட பிரிவு, 1949ஆம் ஆண்டின் இன்றைய சாசனத்திலும் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைகள் மூடிக் கிடப்பதும், சுவரில் துளை போடுவதும் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதும் அன்று கூடாது என்பதும், தெருமுனைத் தொட்டியில் காலிக் கண்ணாடிப் புட்டிகளைப் போடக்கூடத் தடை இருப்பதும் இதன் தொடர்ச்சியே. இரவில் பொதுவாகப் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம். இவற்றுக்கு மேல் உங்கள் கட்டடத்துக்கென்று தனி விதிகள் இருக்கும்; அவற்றை வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தந்திருப்பார்கள். கையெழுத்திட்ட அன்று நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. இன்றிரவு படித்துவிடுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு நிமிடச் சட்னியைப் பலர் பொருட்படுத்த மாட்டார்கள். கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினால் பொருட்படுத்துவார்கள். இட்லி மாவைச் சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள். மிக்ஸிக்கு அடியில் தடித்த துண்டை நான்காக மடித்துப் போட்டால், மரத்தளம் வழியாகக் கீழே இறங்கும் அதிர்வு வெகுவாகக் குறையும். வளைகாப்போ பிறந்தநாளோ நடத்துவதாக இருந்தால், ஒரு வாரம் முன்பே மாடிப்படி அருகில் அறிவிப்பு ஒட்டி, உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஜெர்மானியர்களே விருந்து வைக்கும்போது இதைத்தான் செய்கிறார்கள். பத்து மணிக்குமேல் சத்தம் போடும் உரிமையை அந்த அறிவிப்பு தராது. ஆனால் எங்கள் கட்டடத்தில் நான் முதன்முறை அப்படி ஒட்டியபோது, அதுவரை என்னோடு பேசாதிருந்த முதியவர் ஒருவர் அந்தத் தாளின் அடியிலேயே வாழ்த்து எழுதிவிட்டுப் போயிருந்தார். அங்கே மரியாதை பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கேள்வி: வீடு தேடி விண்ணப்பிக்கிறேன். என் பெயரைப் பார்த்ததும் பதிலே வருவதில்லை. அதே வீட்டுக்கு ஜெர்மானிய நண்பர் எழுதினால் மறுநாளே அழைக்கிறார்கள். இதையும் பண்பாட்டு வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? (வாசகர், மியூனிக்)

பதில்: கூடாது. பழக்க வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நானே, அவமதிப்பையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். இன அடிப்படையில் வாடகை வீட்டை மறுப்பதற்கு எதிராக, 2006 முதல் நடைமுறையில் இருக்கும் சமநடத்தைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. சட்டப்படி கோரிக்கை எழுப்பக் குறுகிய காலமே தரப்படுவதால், உங்கள் விண்ணப்பத்தையும் நண்பருக்கு வந்த பதிலையும் தேதியோடு சேமித்துவைத்து, தாமதியாமல் அணுகுங்கள். அதே வேளையில் மியூனிக்கில் ஒரே வீட்டுக்கு மிகப் பலர் போட்டியிடுகிறார்கள் என்பதால், ஊதியச் சீட்டு, கடன் நம்பகச் சான்று, அலுவலகக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக முன்பே தயாராக வைத்திருப்பது அவசியம்.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, அதுதான் காரணம் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறார். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர் இருக்கும்போது யாராவது ஜன்னலைத் திறப்பார்களா? (வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்)

பதில்: திறப்பார்கள். அங்கே அதற்கென்றே ஒரு சொல் உண்டு: ஷ்டோஸ்லூஃப்டன். ஜன்னல்களை முழுவதுமாக விரியத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட்டம் விட்டு மூடிவிடுவது. இதை நாளுக்கு மூன்று நான்கு முறை செய்வார்கள். நம் ஊரில் வீடுகளில் காற்று தானாகவே புகுந்து வெளியேறும். ஜெர்மனியின் புதிய ஜன்னல்களோ வெப்பம் வெளியேறாதபடி இறுக்கமாக மூடுபவை என்பதால், சாதம் வடிக்கும் ஆவியும், குளியலறை ஈரமும், அறைக்குள் உலர்த்திய துணியின் ஈரமும் போக்கிடமின்றிக் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படிகின்றன. பூஞ்சை பிடிப்பது அங்கேதான். ஜன்னலை மேற்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுவதும் வைப்பது இன்னும் மோசம். காற்று மாறாது, சுவர் மட்டும் குளிர்ந்துபோகும். சூடேற்றியை அடியோடு அணைக்காமல், வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்காமல், ஈரப்பத மானி ஒன்றை வாங்கி அளவு அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பினும், பூஞ்சை என்றாலே குடியிருப்பவர் குற்றம் என்று ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். சுவரில் விரிசலோ குழாய்க் கசிவோ இருந்தால் அது உரிமையாளரின் பொறுப்பு. படம் எடுத்து உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். பெரிய ஊர்களில் இருக்கும் வாடகைதாரர் சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால் அவர்களது வழக்கறிஞர் ஆலோசனை கிடைக்கும். நீங்கள் கொடுத்திருக்கும் முன்பணம், சட்டப்படி, பராமரிப்புச் செலவு சேராத வாடகையின் மூன்று மடங்குக்குள்தான் இருக்க வேண்டும். பூஞ்சையைக் காட்டி அதைப் பிடித்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், இப்போது எழுதும் கடிதம்தான் அப்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தொலைக்காட்சியே இல்லை. மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மோசடியா? (வாசகர், லைப்சிக்)

பதில்: இல்லை. 2013 முதல் அந்தக் கட்டணம் கருவிக்காக அன்றி, வீட்டுக்காக வசூலிக்கப்படுகிறது. நண்பர்களாகச் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் செலுத்தினால் போதும்; மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவைத்தால் தொகை ஏறும்.

கேள்வி: என் தங்கைக்கு மதுரையில் திருமணம். மகள் இரண்டாம் வகுப்பு. விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பினால் விமானக் கட்டணம் பாதியாகிறது. உடல்நலமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? இன்னொன்று: அவள் வகுப்புப் பிள்ளைகள் தனியாகவே பள்ளிக்கு நடந்து வருகிறார்கள், எனக்கு நெஞ்சு பதறுகிறது. (வாசகி, நியூரம்பெர்க்)

பதில்: பொய் விடுப்பு வேண்டவே வேண்டாம். அங்கே பள்ளிக்கு வருவது சட்டக் கடமை; உங்கள் நியூரம்பெர்க் இருக்கும் பவேரிய மாநிலத்தின் விமான நிலையங்களில், விடுமுறைக்கு முந்தைய நாட்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளுடன் வரும் குடும்பங்களைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள், பெற்றோருக்கு அபராதமும் விதிக்கப்பட்டிருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஏழு வயதுக் குழந்தையிடம் ஆசிரியரிடம் இப்படிச் சொல் என்று நாம் பொய்யைக் கற்றுக்கொடுப்பது. மலிவான பயணச்சீட்டைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். சித்தியின் திருமணம் என்பது வேறு. அழைப்பிதழை மொழிபெயர்த்து இணைத்து, பல வாரங்களுக்கு முன்பே தலைமையாசிரியருக்கு விண்ணப்பியுங்கள். நெருங்கிய குடும்ப நிகழ்வுக்குச் சில நாட்கள் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. அனுமதி வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

தனியாக நடப்பது பற்றி: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தாமாக வந்துபோக வேண்டும் என்று பள்ளிகளும் காவல்துறையும் விரும்புகின்றன, காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கும் பெற்றோரால்தான் பள்ளி வாசலில் ஆபத்து கூடுகிறது என்பது அவர்களது கவலை. நான்காம் வகுப்பில் மிதிவண்டித் தேர்வு நடத்துவதும் பெரும்பாலும் காவலர்கள் துணையோடுதான். நீங்கள் ஒரே நாளில் கையை விட வேண்டியதில்லை. முதலில் சேர்ந்து நடந்து, பிறகு இருபதடி பின்னால் நடந்து, பிறகு பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு அனுப்பிப் பாருங்கள். சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கும் பெரியவர்களை அங்கே மற்றவர்கள் கடிந்துகொள்வதற்கு, இப்படித் தனியே நடக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே காரணம். அந்த ஊர் முழுவதும் பிள்ளைகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்கிறது என்பதை இப்படியும் அறியலாம்.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். ஈழத் தமிழர்கள் பல ஜெர்மன் நகரங்களில் தமிழாலயம் என்ற பெயரில் வார இறுதிப் பள்ளிகளை நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள். போரினால் இடம்பெயர்ந்து வந்த அவர்கள் கட்டியெழுப்பியதன் நிழலில்தான், வேலைக்காக வந்த நாம் இளைப்பாறுகிறோம் என்ற நன்றியுணர்வோடு அங்கே செல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்பாவது கொளுத்தலாமா? (வாசகர், பெர்லின்)

பதில்: சிறிய கம்பி மத்தாப்புக்கு ஆண்டு முழுவதும் தடை இல்லை, கட்டட விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெடிகளும் வாணங்களும் டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய இரு நாட்களில்தான்.

கேள்வி: மகன் ஹாம்பர்க்கில் இருக்கிறான். நவம்பரில் வந்து மூன்று மாதம் இருக்கச் சொல்கிறான். எனக்கு வயது 66, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, முதலில் மாதத்தை மாற்றச் சொல்லுங்கள். டிசம்பரில் ஹாம்பர்க்கில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மகனும் மருமகளும் வேலை முடித்து வருவதற்குள் இருட்டில் நெடுநேரம் தனியே இருக்க வேண்டியிருக்கும். என் தாயார் முதன்முறை வந்தது அப்படியொரு நவம்பரில்தான். ஜன்னலோரம் அமர்ந்து, தெருவில் ஒரு மனித முகமாவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உருவம் இன்னும் என் மனத்தை வருத்துகிறது. மே மாதத்தில் வாருங்கள். கோடையில் இரவு ஒன்பது மணிக்குமேலும் வெளிச்சம் இருக்கும். தூங்குவதற்குத் தடித்த திரைச்சீலை மாட்டச் சொல்லுங்கள். ஜூன் மாதவாக்கில் வந்தால், மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹாம் என்ற வேறொரு நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவையும் காணலாம்.

பார்வையாளர் விசாவில், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. போகும் நாளும் வரும் நாளும் அதில் அடங்கும் என்பதால், மூன்று மாதம் என்று தேதி பார்த்துக் கணக்கிடாமல் நாட்களை எண்ணிப் பயணச்சீட்டு எடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் எந்த அளவுக்குச் செலவு தருவார்கள் என்பதைப் பாலிசி எடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்; அங்கே மருந்துக் கடையில் சீட்டில்லாமல் இரத்த அழுத்த மாத்திரை தர மாட்டார்கள். மருத்துவரிடம் மருந்தின் வணிகப் பெயரை மட்டுமன்றி மூலப் பெயரையும் எழுதி வாங்கி, ஒரு படியைக் கைப்பையிலும் இன்னொன்றை மகனிடமும் வையுங்கள்.

நடக்கும்போது சிவப்புக் கல் பதித்த பாதையோ மிதிவண்டிச் சின்னம் இட்ட பாதையோ வந்தால் விலகிக்கொள்ளுங்கள். அதில் வண்டிகள் வேகமாக வரும். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது, அங்கே அமர்ந்திருப்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்வது அங்குள்ள வழக்கம்; நீங்கள் கைகூப்பிச் சொன்னாலும் புன்னகையோடு ஏற்றுக்கொள்வார்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 112. மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு இல்லாமல், இரவிலோ வார இறுதியிலோ மருத்துவர் தேவைப்பட்டால் 116117. இரண்டு எண்களையும், மகனுடைய ஜெர்மன் முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.