ஆச்சி கால் தாங்குற தூரம்தான் ஒரு நாள் தூரம்

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் காரவான், அதாவது படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி எடுத்துக்கிட்டு குடும்பத்தோட ஊர் சுத்தப் போறத பத்தி சும்மா ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. முக்கால்வாசி நம்ம தமிழ்நாட்டு பார்டர் ஊர்க்காரங்கதான். எல்லாத்துக்கும் இடம் இல்ல, பொதுவா எல்லாருக்கும் உதவுற மாதிரி சிலத எடுத்துக்கிட்டேன்.

அண்ணாச்சி, வணக்கம். எங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல இருந்து மே மாசம் 30 நாள் லீவுல வர்றார். நான், அவர், ரெண்டு பிள்ளைங்க, மாமா, 74 வயசு ஆச்சி, ஆக ஆறு பேர். புளியரைல இருந்து காரவான்லயே காஷ்மீர் போயிட்டு வந்துடலாம்னு அவர் ஒரே பிடியா நிக்கிறார். ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் ஓட்டினா ஒரே வாரத்துல ஸ்ரீநகர்னு கணக்கு போட்டு வச்சிருக்கார். நடக்குமா? – வாசகி, புளியரை

தங்கச்சி, அவர் போட்ட கணக்கு பேப்பர்ல சரிதான். புளியரைல இருந்து மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு வழியா ஸ்ரீநகர் சுமார் 3,500 கிலோமீட்டர் வரும், மதுரைல ஏறினா கடைசி வரைக்கும் பெரும்பாலும் என்எச் 44 ஒரே ரோடுதான். ஆனா இது கார் கணக்கு. காரவான்ல நீங்க வீட்டையே தூக்கிட்டு போறீங்க, 60 - 70க்கு மேல ஓட்டினா உள்ள தட்டுமுட்டு சாமான்ல இருந்து ஆச்சி வரைக்கும் குலுங்கும்.

நான் பட்டத சொல்றேன். 2023ல நாங்க ஏழு பேர் செங்கோட்டைல இருந்து குவாலியர் வரைக்கும் போனோம். முத நாளே பெங்களூர்னு காலைல அஞ்சு மணிக்கு கிளம்பி, அங்க நின்னு இங்க நின்னு, சேலம் தாண்டி மழை வேற பிடிச்சுக்கிட்டு, ஓசூர் வரும்போதே ராத்திரி பத்தரை. அம்மாவ கைய பிடிச்சு இறக்கினேன், கால் ரெண்டும் வீங்கி செருப்பு உள்ள நுழையல. கணுக்கால்ல என் பெருவிரல வச்சு அழுத்தினேன், எடுத்ததுக்கு அப்புறமும் அந்த குழி அப்படியே நின்னுச்சு, மாவுல அழுத்தின மாதிரி. அம்மா ஒரு வார்த்த சொல்லல, "ஒண்ணுமில்லடா, உக்காந்தே இருந்தேன்ல"ன்னாங்க. மறுநாள்ல இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு வச்சோம், ஒன்றர மணி நேரத்துக்கு ஒருக்க நிறுத்தி எல்லாரும் இறங்கி நடக்கணும், பொழுது சாயுறதுக்குள்ள வண்டி ஒரு இடத்துல நிக்கணும். அதுக்கப்புறம்தான் அது பயணமா இருந்துச்சு.

இப்ப அந்த 3,500 கிலோமீட்டர 250ஆல வகுத்துப் பாருங்க. போக 14 நாள், வர 14 நாள். 30 நாள்ல மிச்சம் ரெண்டே நாள், உக்காந்து மூச்சு விட முடியாது. அதனால காரவான ஆக்ராவோட திருப்புங்க, இல்லன்னா டெல்லி. டெல்லி வரைக்கும் சுமார் 2,700 கிலோமீட்டர், போக 11 வர 11, மிச்சம் எட்டு நாள் லேபாக்ஷிலயும் ஓர்ச்சாவுலயும் குவாலியர் கோட்டையிலயும் நிதானமா இருக்கலாம். காஷ்மீர் பார்த்தே ஆகணும்னா அது தனி பயணம், அடுத்த லீவுல ரயில்ல போங்க. 2025 ஜூன்ல இருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் வந்தே பாரத் ஓடுது, ஜம்மு - ஸ்ரீநகர் ரோட்டுல ராம்பன் பக்கம் மழை பெஞ்சா மண் சரிஞ்சு ரோடு மூடுற தொல்ல இல்லாம போயிடலாம். அங்க போறப்ப ஒண்ணு, நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்ல வேல செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒண்ணாவது வேணும்.

ஆச்சிக்கு அந்த தூரமும் கஷ்டம்னு தோணினா, மாமாவும் ஆச்சியும் திருநெல்வேலில திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி நிஜாமுதீன்ல இறங்கட்டும், நீங்க அங்க போய் கூட்டிக்கோங்க. திரும்பி வர்றத மட்டும் வண்டில வரட்டும். விட்டுட்டு போறோமேன்னு மனசு சங்கடப்படாதீங்க, அவங்க ரயில்ல கால நீட்டி படுத்து வருவாங்க.

மே மாசம்கிறதுதான் எனக்கு பெரிய கவலை. நாக்பூர் பக்கம் அந்த மாசத்துல 45 டிகிரி சர்வ சாதாரணம். கர்னூல்ல இருந்து ஜான்சி வரைக்கும் விடியகால நாலரைக்கு கிளம்பி பதினொரு மணிக்குள்ள அன்னைக்கு ஓட்டத்த முடிச்சுக்கோங்க. மத்தியானம் வண்டிக்குள்ள இருக்கவே கூடாது, தகரப் பெட்டி, நிமிஷத்துல அடுப்பாயிடும். அந்த அஞ்சாறு நாளும் ராத்திரி ரூம் போடுங்க. ஆந்திரா தெலங்கானால அரசு டூரிசத்தோட ஹரிதா ஹோட்டல் இருக்கு, மத்தியப் பிரதேசத்துலயும் டூரிசம் ஹோட்டல் உண்டு, காம்பவுண்டுக்குள்ள வண்டிய விட்டுக்கலாம்.

காரவான்ல ஏசி இருக்கு, பேட்டரி இருக்கு, அப்புறம் எதுக்கு ரூம்? ராத்திரி ஏசி போட்டு தூங்கலாம்ல? – வாசகர், ஆரியங்காவு

தூங்க முடியாது தம்பி, இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பின்னாடி இருக்கிற பேட்டரி 12 வோல்ட் 200 ஆம்பியர் ஹவர்னு வச்சுக்கோங்க, பேப்பர்ல 2,400 வாட் ஹவர். சாதா லெட் ஆசிட் பேட்டரில பாதிக்கு மேல இறக்கினா பேட்டரி செத்துப்போகும், ஆக கைல கிடைக்கிறது 1,200. ஒரு டன் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல இழுக்கும். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஃபேன், லைட், சின்ன ஃப்ரிட்ஜ், போன் சார்ஜ், இதுக்குத்தான் பேட்டரி. ஏசிக்கு வெளிய இருந்து கரண்ட் வேணும், 16 ஆம்ப் ப்ளக் போட்ட தடியான ஒயர் 20 மீட்டர் எடுத்துக்கோங்க, ப்ளக் குத்துறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு சாக்கெட் டெஸ்டர வச்சு பார்த்துக்கோங்க.

ஜெனரேட்டர் போட்டுட்டு தூங்கலாம்னு சில பேர் சொல்வாங்க. தயவு செஞ்சு வேணாம். 2024 டிசம்பர்ல கேரளா வடகரைல ரோட்டோரம் நிறுத்தியிருந்த காரவானுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க, பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பீங்க. ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ள புகுந்ததுதான் காரணம்னு சோதனைல தெரிஞ்சுது. அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துல முழிப்பே வராது. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு ஆன்லைன்ல விக்குது, வாங்கி படுக்க பக்கத்துல மாட்டுங்க. வாடகை வண்டியா இருந்தாலும் மாட்டுங்க. கேஸ் அடுப்ப உள்ள வச்சு குளிருக்கு காயுறதும் இதே ஆபத்துதான்.

கக்கூஸ் விஷயத்த யாருமே வெளிப்படையா சொல்ல மாட்டேங்கிறாங்க அண்ணாச்சி. எப்படி சுத்தம் பண்றது, எங்க கொட்டுறது? – வாசகி, தென்காசி

கேட்டீங்களே, ரொம்ப நல்லது. சின்ன காரவான்ல பெரும்பாலும் கேசட் டாய்லெட்தான், அதாவது சீட்டுக்கு அடில சுமார் 20 லிட்டர் பிடிக்கிற பெட்டி, வெளிய ஒரு கதவு திறந்து சூட்கேஸ் மாதிரி இழுத்து எடுக்கலாம். ஆறு பேர் எல்லாத்துக்கும் அதையே உபயோகிச்சா ஒரே நாள்ல நிறைஞ்சிடும். பகல்ல பெட்ரோல் பங்க், ஹோட்டல்னு வெளிய போயிக்கோங்க, ராத்திரி வயசானவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மட்டும் உள்ள. கொட்டுறப்ப அதோட மூக்கு குழாய வெளிய திருப்பி, மூடிய கழட்டி, பின்னாடி ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கிக்கிட்டே சாய்க்கணும். அமுக்கினாத்தான் காத்து உள்ள போய் சீரா ஊத்தும், அமுக்கலன்னா குபுக் குபுக்னு மேல தெறிக்கும். கொட்டுற இடம் ஓடுற கக்கூஸ், அதாவது செப்டிக் டேங்க்கோ பாதாள சாக்கடையோ உள்ள இடம் மட்டும்தான். வாய்க்கால்ல, வயல் ஓரத்துல, காட்டு ரோட்டுல கொட்டாதீங்க. தென்மலை போற வழில ஓடைல ஒரு வண்டிக்காரங்க திறந்து விட்டத என் கண்ணால பார்த்தேன், அதுக்கு கீழ நூறு அடில பொம்பளைங்க துணி தொவச்சிட்டு இருந்தாங்க. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. பங்க்ல கேட்டா முகம் சுளிப்பாங்க, அம்பதோ நூறோ குடுத்து, கழுவி விட்டுட்டு வர்றோம்னு சொல்லி, சொன்ன மாதிரியே கழுவியும் விடுங்க.

தண்ணியும் அதே மாதிரி. 150 லிட்டர் டேங்க்னா ஆறு பேர் வீட்டு பழக்கத்துல குளிச்சா ஒருவேளைக்கு வராது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அதனால மலை ஏறப்போற அன்னைக்கு பாதி டேங்க் போதும். குடிக்க தனி கேன்.

பழைய வேன் ஒண்ணு வாங்கி நானே காரவானா மாத்திக்கலாம்னு இருக்கேன். தறி பட்டறைல வெல்டர் இருக்கார். லைசென்ஸ் கார் லைசென்ஸ்தான். போதுமா? – வாசகர், நகரி, ஆந்திரா

லைசென்ஸ் பிரச்சன இல்ல. வண்டியோட மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா உங்க கார் லைசென்ஸே, அதாவது எல்எம்வியே போதும், அதே எடைக்குள்ள இருக்கிற வாடகை போர்டு வண்டியும் ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல சொல்லிடுச்சு. வேன மாத்துறதுதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்சி புக்ல இருக்கிறத விட்டு வண்டிய மாத்தக்கூடாது, ஆர்டிஓ அனுமதி வாங்கணும், வாங்காம ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரங்க கைய விரிச்சிடுவாங்க. வெல்டர் கெட்டிக்காரரா இருக்கலாம், ஆனா கட்டில் ஃப்ரேம தரைல வெல்டு வைக்கிறதும் சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல போல்ட்டு போட்டு பிடிக்கிறதும் ஒண்ணு இல்ல. சடன் பிரேக் அடிச்சா அந்த கட்டில் முன்னாடி வரும். மொதல்ல ஆர்டிஓ ஆபீஸ் போய் கேட்டுட்டு அப்புறம் வேன் வாங்குங்க.

வாடகைக்கு எடுக்கிறப்ப எத எல்லாம் பாக்கணும்? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

டயர். மத்ததெல்லாம் அப்புறம். எங்க பயணத்துல அடிலாபாத் தாண்டி பின் டயர் ஒண்ணு வெடிச்சுது, நல்லவேளை மெதுவா போனோம். ஸ்டெப்னிய மாத்திப் போடும்போதுதான் வெடிச்ச டயரோட பக்கவாட்டுல இருந்த நம்பர பார்த்தேன், 1216. அந்த நாலு எழுத்துல முத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், அதாவது 2016ல 12ஆவது வாரம் செஞ்ச டயர், ஏழு வருஷ பழசு. மேல பூ தேயாம பளபளன்னு இருந்துச்சு, ரப்பர் உள்ள காஞ்சு போயிருந்துச்சு. வண்டி குடுத்தவங்கள குத்தம் சொல்லி என்ன, நான் குனிஞ்சு பார்த்திருக்கணும். ஸ்டெப்னியோட சேர்த்து எல்லா டயரையும் போட்டோ எடுங்க, அஞ்சு வருஷத்துக்கு மேலன்னா வேற வண்டி கேளுங்க. அப்புறம் மேல ஏசியோட சேர்த்து வண்டி எவ்வளவு உயரம்னு டேப் வச்சு அளந்து, டிரைவர் கண்ணுல படுற இடத்துல எழுதி ஒட்டுங்க, ரயில்வே சப்வே, பெட்ரோல் பங்க் கூர, ஆலமரக் கிளை எல்லாத்துக்கும் அது வேணும். பர்மிட், ஃபாஸ்டேக் வண்டி வகைக்கு சரியா இருக்கான்னு பாருங்க. டோலுக்கு இருக்கிற ஃபாஸ்டேக் வருஷ பாஸ் சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான், வாடகை காரவானுக்கு கிடையாது, டோல் செலவ தனியா எழுதிக்கோங்க.

எடுத்த உடனே நெடுந்தூரம் கிளம்பாதீங்க, ரெண்டு ராத்திரி ட்ரையல் போங்க. உங்களுக்கு நெல்லியாம்பதி ரோடு வேணாம், அகலம் பத்தாது. நம்ம பக்கம்னா கோட்டவாசல் எஸ் வளைவு ஏறி, பதிமூணு கண்ணறை ரயில் பாலம் பார்த்து, தென்மலைல தங்கிட்டு வரலாம். யாருக்கு வாந்தி வருது, யார் குறட்ட விடுறாங்க, எந்த பாத்திரம் உருளுது எல்லாம் அந்த ரெண்டு நாள்லயே தெரிஞ்சிடும். இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே இறக்குங்க, பிரேக்க மட்டும் நம்பி இறங்கினா கருகின வாசனை வரும்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துட்டு போறது? – வாசகி, கம்பம்

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நல்லெண்ண, ஊறுகா, ஒரு குக்கர். சோறு மட்டும் வடிச்சா எந்த ஊர்லயும் சாப்பாடு ரெடி. இட்லி மாவு எடுத்துட்டு போகாதீங்க, வெயில்ல மத்தியானமே பொங்கி வழியும். சமைக்கிறது வண்டி நின்னப்புறம்தான், கிளம்பும்போது சிலிண்டர் வால்வ மூடணும், அதுக்குன்னு வீட்ல ஒரு ஆள பொறுப்பா வைங்க.

மாமா, நான் ஏழாவது படிக்கிறேன். வண்டி ஓடும்போது மேல் பெர்த்ல படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா பாத்துட்டு வரலாமா? அம்மா வேணாங்கிறாங்க. – வாசகர், செங்கோட்டை

அம்மா சொல்றதுதான் சரி கண்ணு. வண்டி ஓடும்போது எல்லாரும் சீட்ல, பெல்ட் போட்டு. படுக்க நின்னப்புறம்தான். ஆனா உனக்கு ஒரு வேல தர்றேன். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காடு வரும், அங்க புலியும் மானும் ரோட்ட கடக்கறதுக்காக என்எச் 44அ தூக்கி கட்டி, அடில வழி விட்டிருக்காங்க. மகாராஷ்டிரா பக்கம் மட்டும் ஒம்பது இடம், அதுல பெருசு 750 மீட்டர் நீளம். அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லிட்டு, ஜன்னல் சீட்டு நீ பிடிச்சுக்கோ, ஒம்பதும் எண்ண முடிஞ்சுதான்னு எனக்கு எழுதிப் போடு.