ஆழ்கடல் கணவாய் கேமராவில் சிக்காதது ஏன்?

வெள்ளை எல்இடி விளக்கோடு கேமராவை இறக்கினால் மீன் வருகிறது, கணவாய் மட்டும் வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம், முதல் காரணம் அந்த விளக்குதான். ஆழ்கடல் கணவாய்களில் பெரும்பாலானவற்றின் கண் நீல ஒளிக்குப் பழகியது. வெள்ளை வெளிச்சம் அவற்றை விரட்டிவிடும். அடர் சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது.

கடல் உயிரியலாளர் எடித் விடர் உருவாக்கிய 'மெடூசா' கேமரா, அடர் சிவப்பு விளக்கோடு, இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. மோட்டார் கிடையாது, கயிற்றில் சத்தமில்லாமல் தொங்கும். இரையாக இருப்பது நீல எல்இடி வளையம். அட்டோலா என்ற ஜெல்லிமீன் தாக்கப்படும்போது இப்படித்தான் சுற்றிச்சுற்றி மின்னும். அதைத் தின்ன வந்ததைப் பிடிக்கப் பெரிய வேட்டையாடிகள் தேடி வரும். எவ்வளவு அழகான யோசனை! 2012-ல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகே ராட்சதக் கணவாய் இதில் பதிவானது. 2019-ல் மெக்சிகோ வளைகுடாவில் 759 மீட்டர் ஆழத்தில் மறுபடியும்.

சரி, ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு ஒளியைத் தண்ணீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும், சில மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது. அதனால் மங்கிய ஒளியிலும் பிடிக்கும் கறுப்பு வெள்ளை கேமராவாகப் பாருங்கள். நீல விளக்கை அதன் பார்வைக்குள்ளேயே, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்.