பழைய பெற்றோல் இன்போர்ட் எஞ்சின், புல்லியில் இரண்டு வெட்டு: டைமிங்கை எதற்கு வைப்பது?

கேட்டவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். தகப்பனாரின் மரப்படகில் உள்ள நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பாரம் ஏற்றினால் இழுவை இல்லை, புகைக்குழாய் கொதிக்கிறது. முன்புல்லியில் கம்பெனிக் குறி ஒன்றும், பக்கத்தில் உளியால் வெட்டிய குறி ஒன்றும் இருக்கிறதாம். எதை நம்புவது என்கிறார்.

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் அந்த உளி வெட்டு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1990களில் யுத்தகாலத் தடையால் யாழ்ப்பாணத்தில் எங்களிடம் பெற்றோல் கிடையாது. மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும், அதாவது சிலிண்டருக்குள் தானாகவே வெடித்துச் சத்தம் போடும். தட்டாமலிருக்க டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் கணத்தை, பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். என் சித்தப்பாவின் படகில் அப்படித் தள்ளிய இடத்தை மெக்கானிக் உளியால் குறித்துவிட்டார். 2002இல் A9 பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகும் அந்தக் குறியிலேயே பல வருடம் ஓடியது. தீ பிந்திப் பிடித்தால் எரிந்து முடியாத சூடு வால்வு வழியாகத்தான் வெளியேறும். ஹெட்டைக் கழற்றியபோது ஒரு எக்ஸோஸ்ட் வால்வின் விளிம்பு நகக்கண் அளவுக்குக் கரைந்திருந்தது. உங்கள் எஞ்சின் அந்த நிலைக்குப் போகுமுன் பார்த்துவிடுங்கள்.

முதலில் எஞ்சின் பெட்டியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில்தான் தேங்கும். மூக்குக்கு வாசம் எட்டினால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

அடுத்து டிடிசியை, அதாவது ஒன்றாம் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை, நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பற்றரி வயரைக் கழற்றி, நாலு பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து, மொட்டை முனையுள்ள போல்ட் ஒன்றை அதில் இறுக்கி, பிஸ்டன் கீழே நிற்கும்போது ஒன்றாம் சிலிண்டரில் பூட்டுங்கள். கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்டில் முட்டி நிற்கும். எஞ்சினில் புல்லிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் சுட்டிக்கு நேரே, புல்லியில் சோக்கட்டியால் கோடு போடுங்கள். மறுபக்கம் சுற்றினால் திரும்பவும் முட்டும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய வளைவின் நடுப்புள்ளிதான் டிடிசி. கம்பெனிக் குறியும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

பாகையை அளக்கத் தையல் நாடா போதும். சித்தப்பாவின் புல்லி சுற்றளவு 468 மி.மீ., 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 1.3 மி.மீ. எஞ்சின் புத்தகம் 10 பாகை என்றால் 13 மி.மீ. தள்ளிக் குறிக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சின் ஓடும் திசையில் சுற்றும்போது புதுக்குறி முதலில் சுட்டிக்கு வரவேண்டும், டிடிசி பிறகு. சில படகு எஞ்சின்கள் எதிர்த்திசையில் ஓடும், அதனால் பற்றரியைக் கழற்றி போல்ட்டைப் பூட்டுமுன்பே ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ட்டின் இடைவெளியை முதலே சரிசெய்யுங்கள். கார் வகை டிஸ்ரிபியூட்டர் பலவற்றில் 0.4 மி.மீ. அளவில் இருக்கும். டைமிங் வைத்தபின் இதைத் தொட்டால் டைமிங்கும் நகரும். இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும்.

இனி போல்ட்டை எடுத்துவிட்டு, ஒன்றாம் பிளக் துவாரத்தை விரலால் மூடிச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்கும் சுற்று. புதுக்குறி சுட்டிக்கு வந்ததும் நிறுத்துங்கள். டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றும் றோட்டர் ஒன்றாம் பிளக்கின் வயரைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பல்ப் ஒன்றின் ஒரு வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூட்டர் பக்கத்திலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் கொடுத்து, பற்றரியை மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, றோட்டர் சுற்றும் திசையில் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி பல்ப்பை அணையவிடுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக, மயிரிழை மயிரிழையாக. பல்ப் பற்றும் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது சற்று நகரும், அதனால் இன்னொரு தடவை சுற்றிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் செய்தும் இழுவை வராவிட்டால் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளைச் சந்தேகியுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 0.02 செக்கன்தான். எரிபொருள் எரிய நேரம் வேண்டும், ஆகவே வேகம் கூடக்கூட அந்த எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னுக்கு இழுக்கின்றன. உப்புக்காற்றில் அவை கறள் பிடித்து இறுகிவிடும். றோட்டரைக் கையால் முறுக்கி விடுங்கள், சுருளி அதைத் திருப்பி இழுக்க வேண்டும். அப்படியே நின்றால் கழற்றித் துப்புரவாக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கடைசிச் சோதனை கடலில்தான். கரையில் கியர் போடாமல் ஓடும் எஞ்சினுக்குப் பாரமே இல்லை. காரைப் போல இறக்கத்தில் இளைப்பாறுவதும் படகுக்கு இல்லை, காற்றாடி எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, நீங்கள் எஞ்சின் பக்கம் இருந்து பாரத்தோடு முழு வேகத்துக்கு எடுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, கரைக்கு வந்து இரண்டு பாகை பின்னுக்கு வையுங்கள்.

எல்லாம் சரியென்று கண்டபின் புதுக்குறியில் வெள்ளைப் பெயின்ட் பூசுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் ‘பெற்றோல்’ என்றும் திகதியும் எழுதிவிடுங்கள்.