கணவரின் வெளித்தொடர்பு தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. “முடிந்துவிட்டது, பழசைக் கிளறாதே” என்கிறார். ஆனால் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. சேர்ந்து வாழ முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் “கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்த வேண்டும். முதல் வாரம் “வெறும் மெசேஜ்தான்”. அடுத்த வாரம் “ஒரே ஒருமுறை சந்தித்தோம்”. அப்புறம் சட்டைப்பையில் ஹோட்டல் பில். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் விழுந்த அடி மறுபடி விழுகிறது. தொடர்பைக்கூடத் தாங்கிக்கொண்டவர்களை இந்தத் தவணை உண்மை முறித்துப் போட்டுவிடுகிறது.

அதனால் முழு விவரமும் ஒரே தடவையில் வரவேண்டும். முதலில் அவர் தாளில் எழுதட்டும்: எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது பேசினார், எங்கெங்கே சந்தித்தார்கள், எவ்வளவு பணம் போனது, யாருக்கெல்லாம் தெரியும், ஆணுறை பயன்படுத்தினாரா. வாயால் சொல்லச் சொன்னால் உங்கள் முகம் மாறுவதைப் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவார். படுக்கை விவரத்தையும், “என்னைவிட அவள் எப்படி” என்பதையும் கேட்காதீர்கள். பதில் கிடைத்தால் அந்தக் காட்சி மண்டையை விட்டு லேசில் போகாது. தோன்றும் கேள்வியைக் குறித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். தம்பதியர் ஆலோசகர் ஒருவர் முன்னால் இதைச் செய்வது நல்லது. கை நீட்டும் ஆள் என்றால் இது எதுவுமே வேண்டாம், முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அனுப்பும் கடைசிச் செய்தியை அவர் உங்கள் முன்னால் அனுப்ப வேண்டும். “இந்தத் தொடர்பை முடித்துக்கொள்கிறேன். இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.” இந்த இரண்டு வரி போதும். “சூழ்நிலை சரியில்லை”, “நீ நல்லா இரு” என்று ஏதாவது சேர்ந்தால் கதவு ஒருக்களித்தே இருக்கிறது என்று அர்த்தம். ஒரே அலுவலகம் என்றால் இடமாற்றம் கேட்கட்டும். கிடைக்கும்வரை பேச்சு வேலை விஷயத்தோடு நிற்க வேண்டும்.

பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுவது, உடலுறவால் பரவும் நோய்களுக்கான பரிசோதனை. இருவரும் செய்ய வேண்டும். கிளமிடியா, கொனோரியா அறிகுறியே காட்டாமல் இருக்கலாம். எச்ஐவிக்கு நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனையைக் கடைசி உறவிலிருந்து 45 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். சிபிலிஸுக்கு 90 நாள்வரை ஆகலாம். அவருக்கு அந்தப் பெண்ணோடு இருந்த கடைசி நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு, அவரோடு ஆணுறை இல்லாமல் இருந்த கடைசி நாளிலிருந்து. இப்போதே ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த நாள்கணக்கு முடிந்ததும் மறுபடி பாருங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம்.

ஜான் காட்மன், ஜூலி காட்மன் என்ற உளவியலாளர் தம்பதி இந்த மீட்சியை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள்: செய்த தவறுக்கு ஈடுசெய்தல், மனம்விட்டுப் பேசப் பழகுதல், பிறகு நெருக்கம். தவறு செய்தவர் பெரும்பாலும் நேரே மூன்றாவதற்குத் தாவுவார். டூர் போகலாம் என்பார், நகை வாங்கித் தருவார். அதை வாங்கிக்கொண்டு மனசு ஆறவில்லையே என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் கட்டமே இன்னும் நடக்கவில்லை.

இதைப் பற்றிப் பேச தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். விடியும்வரை இழுக்கும், இருவருமே வாய் தவறுவீர்கள். நடுவில் போன் சத்தம் கேட்டே உங்களுக்கு நெஞ்சு படபடக்கும். அப்போது அவர் “இன்னுமா?” என்று கேட்கக்கூடாது. போனைத் திருப்பிக் காட்டி “அலுவலக குரூப், பார்” என்றால் போதும்.

போனை நீங்கள் சோதிப்பது இப்போதைக்குச் சரிதான். அந்தப் பெண் வேறு நம்பரிலிருந்து அழைத்தால், அதை நீங்கள் கேட்கும் முன்பே அவர் அன்றைக்கே வந்து சொல்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.